ஆன்லைன் பாடம் தயாரிக்கப் போறீங்களா? வீடியோ, ஆடியோ, எழுத்து: எதை எப்போது தேர்வு செய்வது?

"புதுசா சேர்றவங்களுக்கு ஒரு ட்ரெய்னிங் மாட்யூல் ரெடி பண்ணிடுங்க. ரெண்டு வாரத்துல வேணும்."

இந்த மெயில் இப்போது ஐடி கம்பெனிகளில் மட்டும் வருவதில்லை. வங்கி, மருத்துவமனை, கல்லூரி, தொண்டு நிறுவனம், செய்தி அறை என எங்கே வேலை பார்த்தாலும் ஒருநாள் வந்துவிடும். வந்ததும் நாம் செய்யும் முதல் காரியம், எந்த மைக் வாங்கலாம், எந்த ஆப்பில் ரெக்கார்ட் செய்யலாம் என்று தேடுவது.

நானும் அதைத்தான் செய்தேன். சில வருடங்களுக்கு முன், செய்தியாளர்கள் எக்ஸெல் தரவை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லித்தர ஒரு மாட்யூல் கேட்டார்கள். இரண்டு மாலை உட்கார்ந்து 40 நிமிட வீடியோ ஒன்றை எடுத்தேன். ஆரம்பத்தில் இசைகூடப் போட்டேன். அடுத்த வாரமும் அதே ஆட்கள், அதே சந்தேகத்தோடு போன் செய்தார்கள். "வீடியோ பார்த்தேன், புரிஞ்சுது. ஷீட்டைத் திறந்ததும் மறந்துபோச்சு." அவர்களுக்குத் தேவைப்பட்டது, வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு ஷீட்டும், பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பக்கக் குறிப்பும். நான் கொடுத்தது ஒரு சினிமா.

நான் வரிசையை மாற்றிவிட்டேன் என்பதுதான் பிரச்னை. பாடத்தை முடித்தவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? அவர் எந்தக் கருவியில், எந்த இணைப்பில் பார்க்கப்போகிறார்? தப்பு செய்தால் அவருக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் மீடியத்தைப் பற்றிப் பேசவே முடியும். கருவி அதற்கும் பிறகு.

பாலசமுத்திரத்தில் இருந்து பார்த்தால்...

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது பாலசமுத்திரம் மண்டலம். அங்கே அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கையில் கிடைக்கும். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, புத்தகத்தில் ஆங்கிலம். இவருக்கு ஒரு ஆன்லைன் பாடம் செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

ஆந்திர அரசு இதே கேள்விக்கு மிகப் பெரிய அளவில் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஜூனில் பைஜூஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 5 லட்சத்துக்கும் அதிகமான டேப்லெட்களை மாநிலம் முழுக்கக் கொடுக்கத் தொடங்கியது. பாடங்கள் டேப்லெட்டிலேயே முன்கூட்டி ஏற்றப்பட்டிருந்தன.

அரசியலை ஒதுக்கிவிட்டு, இதை வெறும் பாட வடிவமைப்பு முடிவாகப் பாருங்கள். 'முன்கூட்டி ஏற்றுவது' நல்ல முடிவு. தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றுப்படி (2017-18), இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில்தான். இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். அதன் பிறகு போன் வழி இணையம் வேகமாகப் பரவியிருக்கிறது. ஆனாலும் 'வீட்டில் நெட் இருக்கிறது' என்பதும் 'பிள்ளையின் கையில், படிக்கும் நேரத்தில் நெட் இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. பாடம் சாதனத்துக்குள்ளேயே இருந்தால் அந்தக் கவலை இல்லை.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. டேப்லெட்டில் ஏற்கெனவே ஏறிய வீடியோ அதனால் மறைந்துவிடாது. ஆனால் பாடத்திட்டம் மாறும்போது அந்த வீடியோவை யார் மாற்றுவார்கள், மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் அப்போது பெரிதாகின்றன. ஒரு ஆன்லைன் பாடத்தைத் தொடங்கும் அன்றே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

அதே மாநிலத்தில் இன்னொரு முடிவு பெரிதாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. இருமொழிப் பாடப்புத்தகம்: ஒரு பக்கத்தில் ஆங்கிலம், எதிர்ப் பக்கத்தில் அதே பாடம் தெலுங்கில். சார்ஜ் வேண்டாம், ஆப் வேண்டாம். மொழிப் பிரச்னைக்குப் பக்க அமைப்பிலேயே தீர்வு. மீடியம் என்றால் வீடியோவும் ஆடியோவும் மட்டும் இல்லை. அச்சடித்த தாளும் ஒரு மீடியம்தான்.

வீடியோ எவ்வளவு 'எடை'?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 நிமிடப் பேச்சு ஒன்றை மூன்று வடிவங்களில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

720பி வீடியோ, நொடிக்கு சுமார் 2 மெகாபிட் வேகத்தில்: நிமிடத்துக்கு 15 எம்பி, மொத்தம் 600 எம்பி. அதே பேச்சு வெறும் ஆடியோவாக, 48 கிலோபிட்டில்: 14 எம்பி சொச்சம். அதையே தட்டச்சு செய்து எழுத்தாகக் கொடுத்தால் சுமார் 4,000 சொல். யூனிகோடில் (யூடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் பிடிக்கும். 'கோ' என்ற ஒற்றை எழுத்து, க ஒரு குறி, ஓகாரக் கொம்பு ஒரு குறி என்று 6 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு 1 பைட்தான். இப்படித் தமிழ் மூன்று மடங்கு இடம் பிடித்தாலும், மொத்தக் கோப்பு 0.1 எம்பியைச் சுற்றித்தான் வரும்.

அதாவது, எழுத்தின் எடை 1 என்றால் ஆடியோ 140, வீடியோ 6,000. நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா பேக்கை மூன்று பேர் பகிரும் வீட்டில் இந்த 600 எம்பி சின்ன விஷயம் இல்லை. உங்கள் ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்யும்போது இது கண்ணுக்கே தெரியாது.

வீடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 6,000 மடங்கு எடைக்கு ஈடாக அது என்ன தருகிறது என்று கேட்க வேண்டும். கையசைவு, திரையில் கர்சர் போகும் இடம், இயந்திரத்தின் ஒரு பாகம் சுழல்வது போன்ற அசைவு எதுவும் இல்லாமல் ஒரு முகம் ஸ்லைடைப் படித்துக்கொண்டே போகிறது என்றால், அது ஆடியோவாகவோ எழுத்தாகவோ இருந்திருக்கலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆன்லைன் கோர்ஸ் உலகில் அடிக்கடி காதில் விழும் எண், '6 நிமிடம்'. அது 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகிய மூவரும் எடெக்ஸ் தளத்தின் நான்கு கோர்ஸ்களில், 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்வையாளர் தங்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பறையில் எடுத்த நீளமான விரிவுரையை வெட்டித் துண்டாக்கிப் போட்டதைவிட, ஆன்லைனுக்கென்றே திட்டமிட்டு எடுத்த சிறு வீடியோக்களில் அதிக நேரம் தங்கினார்கள். வெறும் ஸ்லைடைவிட, பேசிக்கொண்டே கையால் எழுதிக் காட்டும் பாணி எடுபட்டது. பளபளப்பான ஸ்டுடியோவைவிட, மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது சில இடங்களில் நன்றாகவே வேலை செய்தது.

இந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. இந்த வித்தியாசம் ட்ரெய்னிங் பிரசன்டேஷன்களில் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

கற்றலை நேரடியாக அளந்த ஆய்வு வேண்டுமென்றால் 2006-க்குப் போகலாம். ஹென்ரி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்த குழுவுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம்.

என் செய்தியாளர்கள் "பார்த்தேன், புரிஞ்சுது, மறந்துபோச்சு" என்று சொன்னதும் இதைத்தான். அதனால் உங்களிடம் பத்து மணி நேரம்தான் இருக்கிறது என்றால், வீடியோ எடிட்டிங்குக்கு எட்டு, க்விஸுக்கு இரண்டு என்று பிரிக்காதீர்கள். மாற்றிப் பிரியுங்கள்.

கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே ஒரு வம்பான வாதத்தை வைத்தார். காய்கறி கொண்டுவரும் லாரியை மாற்றினால் காய்கறியின் சத்து மாறாது, மீடியமும் அப்படித்தான் என்றார். ராபர்ட் கோஸ்மா போன்றவர்கள் இதை மறுத்தார்கள். சில மீடியங்களால் மட்டுமே சில விஷயங்களைக் காட்ட முடியும் என்பது அவர்கள் பக்கம். இந்தச் சண்டை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. நடைமுறையில் இருவரும் உதவுவார்கள்: கிளார்க்கை நினைத்துச் செலவைக் குறையுங்கள், கோஸ்மாவை நினைத்து எந்த ஓர் இடத்தில் வீடியோ இல்லாமல் முடியாது என்று தேடுங்கள்.

ஸ்வயம் தளத்தின் நான்கு பகுதிகள்

'சரி, எப்படி ஆரம்பிப்பது?' என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு ரெடிமேட் சட்டகம் இருக்கிறது. 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளம், ஒவ்வொரு கோர்ஸும் நான்கு பகுதிகளாக இருக்க வேண்டும் என்கிறது: வீடியோ விரிவுரை, இறக்கி அச்சிட்டுக்கொள்ளும் வாசிப்புப் பொருள், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் தேர்வுகள், சந்தேகம் கேட்கும் விவாத அரங்கு. கவனித்தீர்களா? வீடியோ நான்கில் ஒன்றுதான்.

நம்மில் பலருக்கு இது என்பிடெல் வழியாகப் பழக்கம். ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் அது. ஒருங்கிணைப்பது சென்னை ஐஐடி. இன்று ஸ்வயம் தளத்தின் பொறியியல் கோர்ஸ்கள் அதன் பொறுப்பில். கோர்ஸில் சேரக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மதிப்பெண் கணக்கில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும்: 25-க்கு 10, 75-க்கு 30. வீடியோ பார்த்ததற்கு மதிப்பெண்ணே கிடையாது. 'வீடியோ 90 சதவீதம் ஓடினால் கோர்ஸ் முடிந்தது' என்று செட்டிங் போடும் கார்ப்பரேட் பயிற்சித் தளங்கள் இங்கே கொஞ்சம் பாடம் படிக்கலாம்.

இதில் உண்மையான விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. யுஜிசியின் 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். திருப்பதியிலோ சித்தூரிலோ படிக்கும் ஒரு மாணவருக்கு, மோசமாக வடிவமைத்த மாட்யூல் இனி வெறும் எரிச்சல் இல்லை, மார்க்‌ஷீட்டில் விழும் எண்.

எதற்கு எது?

கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். மென்பொருளில் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டுமா? திரைப் பதிவு, மூன்று நான்கு நிமிடத்துக்குள், ஒரு வேலைக்கு ஒரு வீடியோ. பக்கத்திலேயே படிகளை எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது தடவை வருபவர் வீடியோ பார்க்கமாட்டார், நான்காவது படி என்ன என்றுதான் தேடுவார்.

வட்டி எப்படிக் கூடுகிறது, மின்சுற்று எப்படி இயங்குகிறது போன்ற கருத்துகளுக்குக் கையால் வரைந்துகொண்டே பேசுவது நல்லது. விதிமுறை, கட்டண விவரம், விடுப்புக் கொள்கை எல்லாம் எழுத்து. அடிக்கடி மாறும் எதையும் வீடியோவில் போடாதீர்கள். ஒரு எண் மாறினால் மறுபடி சட்டை மாற்றிக்கொண்டு கேமரா முன் உட்கார வேண்டும். உச்சரிப்பு, வாடிக்கையாளரிடம் பேசும் தொனி என்றால் ஆடியோ. கஷ்டமான முடிவெடுக்கும் சூழ்நிலைகளுக்கு ஒரு சிறு சம்பவத்தை எழுதி, 'நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?' என்று நேரடிக் கலந்துரையாடல் வைக்க வேண்டும். ஜூம் அழைப்பின் மதிப்பு இங்கேதான். விரிவுரைக்கு அதை வீணாக்கக் கூடாது.

ஸ்லைடில் இருப்பதை வரிக்கு வரி வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரிச்சர்ட் மேயரின் மல்டிமீடியா ஆய்வுகள் இதற்குக் காரணம் சொல்கின்றன: படம், அதை விளக்கும் குரல், அதே சொற்கள் திரையில் எழுத்தாகவும் என்று மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் கண் திணறும். படமும் குரலும் போதும். ஆனால் சப்டைட்டில் வேறு விஷயம். காது கேளாதவருக்கும், பஸ்ஸில் ஹெட்போன் இல்லாமல் பார்ப்பவருக்கும், வீட்டில் தமிழ் பேசி ஆங்கிலத்தில் படிப்பவருக்கும் அது தேவை. அணைத்துவைக்க முடிகிற சப்டைட்டிலாகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சிக்கல் இல்லை.

கருவியைத் தேர்வு செய்யும்போது

இப்போது கருவி. தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் டோனி பேட்ஸ், இலவசமாகவே கிடைக்கும் தன் புத்தகத்தில் எட்டு அம்சங்களைப் பார்க்கச் சொல்கிறார்: மாணவர், பயன்படுத்தும் எளிமை, செலவு, கற்பிக்கும் பணி, ஊடாட்டம், நிறுவனச் சூழல், இணைந்து இயங்குதல், பாதுகாப்பும் அந்தரங்கமும். பட்டியலில் மாணவர் முதலில் நிற்கிறார். ஒரு மாட்யூல் செய்யும் தனி ஆளுக்கு எட்டும் அதிகம் என்றால், இரண்டை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

ஒன்று, வெளியேறும் வழி. தமிழ்நாடு அரசு 2001-ல் உலகத் தமிழர்களுக்காகத் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். டயல்-அப் இணைப்பு காலம் அது. தமிழ் எழுத்துருக்களுக்கே டாம், டாப் என்று தனிக் குறியாக்கங்கள் புழங்கிய காலம். அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்புகள் பலவற்றை இன்று அப்படியே திறந்தால் கிறுக்கல்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றினால்தான் வாசிக்க முடியும். அதே போல, உலகம் முழுக்க இ-லேர்னிங் பாடங்கள் ஃபிளாஷில் கட்டப்பட்டன. 2020 டிசம்பர் 31-ல் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஊடாடும் பயிற்சிகள் நிறையப் பேருக்கு ஒரே நாளில் வெற்றுப் பெட்டி ஆயின. சாதாரண எழுத்தும் படமும் பிழைத்துக்கொண்டன.

ஆகவே எந்தத் தளத்தையும் வாங்குவதற்கு முன், 'இதிலிருந்து என் பாடத்தை முழுதாக வெளியே எடுக்க முடியுமா?' என்று கேளுங்கள். மூடில் திறமூல மென்பொருள், பாடத்தைப் பேக்கப் எடுத்து வேறு சர்வருக்கு மாற்றலாம், அதன் ஆப்பில் பாடங்களை இறக்கி ஆஃப்லைனில் பார்க்கலாம். ஹெச்5பி வழியாகச் செய்யும் க்விஸ்களையும் கோப்பாக எடுத்துப் போகலாம். நெட்டே இல்லாத இடத்துக்குக் கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் உண்டு, ஒரு லேப்டாப்பிலிருந்து வகுப்பு முழுக்கப் பாடம் கொடுக்க. இருபது பேர் டீமுக்கு இதெல்லாம் அதிகம் என்றால் ஒரு கூகுள் டாக்குமென்ட், ஒரு ஃபார்ம், ஒரு வாட்ஸ்ஆப் குழு போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு, யார் தரவு எங்கே போகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி மாணவர்களுக்கு ஒரு 'ஃப்ரீ' க்விஸ் ஆப்பைச் சேர்க்கும்போது, அது பெயர், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் கேட்கிறதா என்று பாருங்கள். உங்கள் பாடத்துக்கு அவை தேவையில்லை என்றால், கேட்காத கருவியைத் தேடுங்கள்.

கடைசியில் என் எக்ஸெல் மாட்யூல் என்ன ஆனது?

40 நிமிட வீடியோவைத் தூக்கிவிட்டேன். பிழை நிறைந்த ஒரு ஷீட்டை முதலில் கொடுத்தேன், விளக்கம் எதுவும் இல்லாமல்: 'இதில் எத்தனை மாவட்டம் இருக்கிறது, சொல்லுங்கள்.' ஒரே மாவட்டத்தை மூன்று விதமாக எழுதியிருந்தால் எண்ணிக்கை தப்பாகத்தான் வரும். அங்கே மாட்டிக்கொண்ட பிறகு இரண்டு நிமிடத் திரைப் பதிவு ஒன்று. அப்படி மொத்தம் ஐந்து. ஒரு பக்கப் பிடிஎஃப் குறிப்பு, போனில் பெரிதாக்காமலே படிக்கும் எழுத்தளவில். ஒரு வாரம் கழித்து, வேறு தரவோடு இன்னொரு ஷீட். வியாழன் மாலை அரை மணி நேரம் சந்தேகம் கேட்க ஒரு அழைப்பு.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் மாவட்டச் செய்தியாளர் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, "லேப்டாப் வேண்டாம், போன்ல, வெளியில இருக்கும்போது திறந்து பாருங்க" என்று கேட்டேன். இரண்டாவது வீடியோவில் கர்சர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றார். திரையை இரண்டு மடங்கு பெரிதாக்கி, அதை மட்டும் மறுபடி எடுத்தேன்.